சூறாவளியின் வடிவமும் வலுவும்: மடிக்கணினியில் ஆராய எந்த மாதிரியை எடுப்பது?

நவம்பர் பிறந்தால் திருகோணமலையில் எல்லோர் வாயிலும் தாழமுக்கம்தான். கடற்றொழிலாளர் படகைக் கரையேற்றுவதா விடுவதா என்று யோசிப்பார்கள். மாணவர்கள் செயற்கைக்கோள் படத்தைக் கைபேசியில் பெருப்பித்து, கண் தெரிகிறதா என்று தேடுவார்கள். அந்த ஆர்வத்தில் சிலர் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கும் சூறாவளியையே எடுக்க நினைக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு தீர்மானம் குறுக்கே வந்து நிற்கும்: எந்தக் கணித மாதிரியில் வேலை செய்வது? இரண்டே சமன்பாட்டில் முடியும் மாதிரியும் உண்டு. வளிமண்டலத்தைப் பெட்டி பெட்டியாக வெட்டி முழுக்கக் கணக்குப் போடும் மாதிரியும் உண்டு. தவறானதில் இறங்கினால் ஆறு மாதமும் மென்பொருளை நிறுவுவதிலேயே கரைந்துவிடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு மடிக்கணினி, ஆறு மாதம், உயர்தரத்தில் படித்த இணைந்த கணிதம், கொஞ்சம் பைத்தன், இவ்வளவுதான் என்றால், வெப்பமூட்டல் சேர்த்த ஆழமற்ற நீர் மாதிரியை, அதாவது வளிமண்டலத்தை ஒரேயொரு நீர்ப்படை போல எடுத்துக் கணக்கிடும் மாதிரியை, எடுங்கள். சூறாவளி எப்படி வடிவம் மாறுகிறது, எப்படி வலுக்கிறது என்ற இரண்டு கேள்வியையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிற எளிய மாதிரி அதுதான். திருகோணமலையின் அகலாங்கும் அதில் ஒரு பொருட்டாக வருகிறது. மற்றவற்றை ஏன் தள்ளுகிறேன், எந்த நிலைமையில் தள்ளமாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கரைக்கு இது புத்தகக் கேள்வி மட்டும் அல்ல. 1964 டிசம்பரில் வட இலங்கையைக் குறுக்காகக் கடந்த புயல்தான் தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2000 டிசம்பர் 26 அன்று மணிக்குச் சுமார் 120 கிலோமீற்றர் காற்றோடு கிழக்குக் கரையில் ஏறிய சூறாவளி, 1978க்குப் பிறகு நாட்டைத் தாக்கியவற்றில் மிக வலுவானது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்குச் சற்று வடக்கே, குச்சவெளிப் பக்கம், மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் காற்றோடு கரையேறியது; அப்புறம் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்று வலுவிழந்தது. ஒரே கடல், ஏறக்குறைய ஒரே பருவம். ஒன்று ஏன் வலுக்கிறது, இன்னொன்று ஏன் வலுக்காமல் நிற்கிறது என்று இங்கே இருப்பவர் கேட்பது இயல்புதானே.

முதலில் வடிவம் என்றால் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். முதிர்ந்த சூறாவளியில் கண்ணைச் சுற்றி இடிமுகில்களால் ஆன கண்சுவர் இருக்கிறது. காற்றுத் துணிக்கை ஒவ்வொன்றும் தன்னைத் தானே எவ்வளவு சுழற்றுகிறது என்பதைச் சுழிப்பு என்று அளக்கிறோம். கண்ணுக்குள் சுழிப்பு குறைவு, கண்சுவரில் மிக அதிகம், வெளியே மறுபடி குறைவு. அதாவது சுழிப்பைப் படமாகப் போட்டால் உளுந்து வடை போல நடுவில் துளையுள்ள வளையம் கிடைக்கும். இந்த வளையம் நிலையானது அல்ல. அதன் உள்விளிம்பில் ஓர் அலை ஓடுகிறது, வெளிவிளிம்பில் இன்னொரு அலை ஓடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் இரண்டுமே வளரும். வட்டமாக இருந்த கண்சுவர் முக்கோணமாகவோ சதுரமாகவோ ஐங்கோணமாகவோ மாறும். மூலைகளில் சின்னச் சுழல்கள் பிறக்கும். 2003 செப்டெம்பரில் அத்திலாந்திக்கில் இசபெல் சூறாவளியின் கண்ணுக்குள் ஐந்து சுழல்கள் நட்சத்திரமீன் போல நின்றதைச் செயற்கைக்கோள் படம் பிடித்தது. கண்ணுக்கு அழகான அந்தக் கோலம், வளையம் உடைந்து கலக்கத் தொடங்கியதன் அடையாளம்.

வலு என்பது வேறு கதை. கடலிலிருந்து வெப்பமும் ஈரமும் ஏறுகின்றன, கண்சுவரில் நீராவி ஒடுங்கி மறைவெப்பம் வெளிப்படுகிறது, காற்று மேலெழுகிறது, கீழே சுற்றிலும் இருந்து காற்று உள்ளே இழுபடுகிறது. உள்ளே வரும் காற்று தன் கோண உந்தத்தைக் கொண்டுவருவதால் சுழற்சி வேகம் கூடுகிறது. அந்த வெப்பம் உச்சக் காற்று வீசும் ஆரைக்கு உள்ளே விழுந்தால் கண்சுவர் சுருங்கவும் செய்யும். 1982இல் ஷப்பீரோவும் வில்லோபியும் இதைச் சமநிலைச் சமன்பாடுகள் கொண்டே காட்டினார்கள். ஆக, வெப்பம் வளையத்தைச் செறிவாக்குகிறது. செறிவான வளையம் உடைகிறது. உடைந்தால் சுழிப்பு கண்ணுக்குள் கலந்து காற்று தளர்கிறது. வடிவத்தையும் வலுவையும் தனித்தனியாகப் பார்ப்பவர் இந்த இழுபறியைத் தவறவிடுவார். மாதிரிகளை நான் அளப்பது இந்த ஒரு கோலால்தான்.

இனி மாதிரிகளுக்கு வருவோம்.

மிகச் சிறியது கெர்ரி இமானுவேல் 2017இல் வெளியிட்ட இரண்டு சமன்பாட்டு மாதிரி. ஒரு சமன்பாடு உச்சக் காற்று வேகத்துக்கு, மற்றது சூறாவளியின் மையத்தில் இருக்கும் ஈரத்துக்கு. கடல் வெப்பநிலையிலிருந்து வரும் காற்றின் உச்ச வரம்பு, நடு வளிமண்டலத்தின் வறட்சி, விண்ட் ஷியர் ஆகியவற்றை உள்ளே கொடுத்தால் காற்று வேகம் நேரத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும். விண்ட் ஷியர் என்பது உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவது. அது வறண்ட காற்றை மையத்துக்குள் தள்ளிவிடும். கைபேசியில்கூட ஒரு நொடியில் ஓடிவிடும்.

வறட்சியையும் ஷியரையும் விட்டுவிட்டால் அதற்கு முந்திய 2012ஆம் ஆண்டின் வடிவம் கிடைக்கும். அதைக் கையாலேயே தீர்க்கலாம். காற்று வேகம் கூடும் வீதம், உச்ச வரம்பின் வர்க்கத்துக்கும் இப்போதைய வேகத்தின் வர்க்கத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு விகிதசமம். வெப்பம் கடலிலிருந்து காற்றுக்கு மாறும் குணகம் 0.0012, உயர அளவு 5,000 மீற்றர் என்று எடுத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். உச்ச வரம்பு வினாடிக்கு 60 மீற்றர் என்றால், 15 மீற்றரில் இருக்கும் காற்று 45 மீற்றரை எட்டச் சுமார் 28 மணித்தியாலம் ஆகும். வரம்பை 50 ஆகக் குறைத்தால் அதே பயணத்துக்கு 54 மணித்தியாலம். வரம்பு ஆறில் ஒரு பங்கு குறைய, நேரம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. கரைக்கு இன்னும் ஒன்றரை நாள் தூரத்தில் நிற்கும் புயலுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். தாளில் போடும் ஒரு கணக்கு இவ்வளவு சொல்வது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆனால் இந்த மாதிரியில் கண் இல்லை, சுவர் இல்லை, வட்டம்கூட இல்லை. இரண்டு எண்கள் மட்டுமே. புரெவி ஏன் அவ்வளவில் நின்றது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் தயங்காமல் இதையே எடுங்கள். இந்திய வானிலைத் துறையின் புயல் பாதைப் பதிவுகளும், ஐரோப்பிய வானிலை மையம் இலவசமாகத் தரும் ஈ.ஆர்.ஏ.5 என்ற கடந்தகால வானிலைத் தரவும் போதும். ஈ.ஆர்.ஏ.5இன் கட்டம் ஒவ்வொன்றும் 30 கிலோமீற்றர் அளவு என்பதால் அதில் கண்சுவரைத் தேடக்கூடாது. கடல் வெப்பநிலை, ஈரம், ஷியர் மூன்றையும் எடுக்க அது தாராளம்.

வடிவத்துக்கென்றே உள்ளது இருபரிமாணச் சுழிப்பு மாதிரி. காற்று கிடையாகவே ஓடும், எங்கும் குவியாது, விரியாது. சுழிப்பு காற்றோடு அடித்துச் செல்லப்படும், அவ்வளவுதான் விதி. வெய்ன் ஷூபர்ட்டும் கூட்டாளிகளும் 1999இல் இதை வைத்துத்தான் பல்கோணக் கண்சுவர்கள் எப்படிப் பிறக்கின்றன என்று காட்டினார்கள். 2009இல் எரிக் ஹெண்ட்ரிக்சும் மற்றவர்களும் வளையத்தின் தடிப்பையும் நடுத் துளையின் வெறுமையையும் மாற்றி மாற்றி 170 பரிசோதனைகள் ஓட்டினார்கள். மெல்லிய, நடு வெறுமையான வளையம் வேகமாக உடைந்து பல சுழல்களாகும். தடித்த வளையம் ஆறுதலாக, குறைந்த மூலைகளோடு உருமாறும். வளையம் உடைந்து கலந்தபோது மைய அமுக்கம் குறைந்தது. அதே நேரம் உச்சக் காற்று வேகமும் பொதுவாகக் குறைந்தது! அமுக்கம் விழுந்தால் காற்று கூடும் என்று செய்தியில் கேட்டுப் பழகிய நமக்கு இது முதலில் ஒத்துவராது. கலப்புக்குப் பிறகு சுழிப்பு மையத்தில் குவிவதால் கண்ணுக்குள்ளும் காற்று வீசத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சியைத் தாங்க மைய அமுக்கம் இறங்கியே ஆக வேண்டும். சுவரில் இருந்த உச்ச வேகமோ பங்கிடப்பட்டுத் தணிகிறது. ஆகவே வலுவை அமுக்கத்தால் அளப்பதா காற்றால் அளப்பதா என்பதை ஆய்வின் முதல் பக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

வடிவத்தைக் காட்டும் மாதிரிகளில் எழுதுவதற்கு இதைவிட இலகுவானது கிடையாது. சதுரக் கட்டம், பூரியர் முறை, நூற்றைம்பது வரி பைத்தன். படங்களும் மிக அழகாக வரும். அழகில் மயங்கி இதிலேயே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. இந்த மாதிரியில் சூறாவளி ஒருபோதும் வலுக்காது. சுழிப்பை நகர்த்த முடியும், கலக்க முடியும், பெருக்க முடியாது. உள்ளே இழுபடும் காற்று இல்லையே. கொடுத்த வளையம் உடைவதைத்தான் பார்க்கிறோம், வளையம் எப்படி உருவானது என்று அல்ல.

இன்னொன்றும் உண்டு. திருகோணமலை அகலாங்கு 8.6 பாகை வடக்கு. இங்கே புவிச் சுழற்சியால் வரும் கொரியோலிஸ் எண் வினாடிக்கு 0.0000218. கண்சுவரின் சுழிப்பு வினாடிக்கு 0.003 அளவில் இருக்கும், அதாவது நூற்று முப்பது மடங்குக்கும் மேல். அந்த எண்ணைத் திருகோணமலைக்கு வைத்தாலும் 20 பாகைக்கு வைத்தாலும் ஐங்கோணம் அதே ஐங்கோணம்தான். "திருகோணமலை அகலாங்கில் பல்கோணக் கண்சுவர்" என்று தலைப்பு வைத்து இந்த மாதிரியை ஓட்டினால், ஒரு வித்தியாசமும் இல்லை என்பதே முடிவாக வரும்.

வலுவையும் கண்சுவர் சுருங்குவதையும் கடலோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் அச்சுச் சமச்சீர் மாதிரிகள் இருக்கின்றன. சூறாவளி எந்தத் திசையில் வெட்டினாலும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு, ஆரையும் உயரமும் மட்டும் கணக்கில் எடுப்பவை. கட்சுயுகி ஊயாமா 1969இல் மூன்றே படைகளால் ஒரு சூறாவளியின் பிறப்பு, வளர்ச்சி, தளர்ச்சி எல்லாவற்றையும் கொண்டுவந்தார். இன்றைய கணினிகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லாத வசதியில் அதைச் செய்தார் என்பதற்காகவே அந்த வேலையை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1987இல் ரொட்டுனோவும் இமானுவேலும் நுணுக்கமான ஒன்றை உருவாக்கினார்கள். இப்போது ஜோர்ஜ் பிரையனின் சி.எம்.1 என்ற மாதிரி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதை அச்சுச் சமச்சீராகவும் ஓட்டலாம். குறை வெளிப்படையானது: வட்டம் வட்டமாகவே இருக்கும். வளையம் உடைய வழி இல்லாததால் கண்சுவர் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடும். கிடைக்கலப்பை ஓர் எண்ணாகக் கையால் கொடுத்துத்தான் அடக்க வேண்டும். அந்த எண்ணை மாற்றினால் சூறாவளியின் உச்ச வலுவே பெரிதாக மாறுகிறது என்று பிரையனும் ரொட்டுனோவும் 2009இல் காட்டினார்கள். வடிவ மாற்றத்தை வெளியே தள்ளினால் அது வேறு வாசலால் உள்ளே வந்துவிடுகிறது. போர்ட்ரான் என்ற நிரல்மொழி தெரிந்த, கடல் வெப்பநிலையே முக்கியக் கேள்வியான ஒருவருக்கு இது நல்ல தெரிவு. மற்றவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

வளிமண்டலத்தைப் பெட்டி பெட்டியாக வெட்டிக் கணக்குப் போடும் முழு மாதிரியான டபிள்யூ.ஆர்.எஃப். பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரைபடத்தில் உண்மையான இலங்கை, உண்மையான திருகோணமலைத் துறைமுகம், உண்மையான மழை எல்லாம் வரும். அதனால்தான் பலர் அதன் பின்னால் போகிறார்கள். எதிர்வுகூறலுக்கு அது வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் வெள்ளமும் மண்சரிவுமாகப் பல நூறு உயிர்களைப் பறித்ததைப் பார்த்த பிறகு, மழையை ஆராய விரும்பும் மாணவரை அதிலிருந்து நான் தடுக்கமாட்டேன். இங்கே சொல்லும் எளிய மாதிரிகள் எதிலும் மலையில் பெய்யும் மழை இல்லை. ஆனால் நம் கேள்வி வடிவமும் வலுவும் எப்படிப் பிணைகின்றன என்பது. கண்சுவரின் உடைவைப் பிடிக்க ஒரு கிலோமீற்றர் அளவில் கட்டம் வேண்டும். மடிக்கணினிக்கு அது தாங்காது. தாங்கினாலும் நூறு காரணங்கள் ஒன்றாக ஓடும் இடத்தில் எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம்.

சுழலும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு வழிதான். உருளைப் பாத்திரத்தின் அடித்தட்டை வேகமாகச் சுழற்றினால் நீரின் மேற்பரப்பில் முக்கோணம் முதல் அறுகோணம் வரை தோன்றுவதை 2006இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பாடசாலைக் கண்காட்சிக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. அங்கே பல்கோணம் வரும் காரணமும் சூறாவளியில் வரும் காரணமும் ஒன்றல்ல என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சரி, ஆழமற்ற நீர் மாதிரி. ஒரேயொரு நீர்ப்படை போன்ற பாய்மம், சுமார் 4 கிலோமீற்றர் தடிப்பு. கிடையாக ஓடும், ஓரிடத்தில் குவிந்தால் தடிப்பு கூடும், விரிந்தால் குறையும். இதற்குள் வெப்பத்தை எப்படிக் கொண்டுவருவது? கண்சுவரில் வெப்பமூட்டப்பட்ட காற்று மேலே போய்விடுகிறது. ஆகவே அந்த வளையப் பகுதியில் படையிலிருந்து பாய்மத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுகிறோம். அகற்றிய இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து பாய்மம் உள்ளே வருகிறது, கோண உந்தத்தோடு வருகிறது, சுழல் வலுக்கிறது. சுழிப்பைப் படையின் தடிப்பால் வகுத்த அளவு அந்த வளையத்தில் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் வளையம் மெலிந்து, அலை வளர்ந்து, பல்கோணமாகி உடையும். நீங்கள் வளையத்தைச் செய்து கொடுக்கவில்லை. மாதிரியே செய்து, மாதிரியே உடைக்கிறது. ஹெண்ட்ரிக்ஸ், ஷூபர்ட் குழுவினர் 2014இல் இத்தகைய மாதிரியால்தான் கண்சுவர் மாறிச் செல்வதை ஆராய்ந்தார்கள்.

திருகோணமலைக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். மையத்திலிருந்து 300 கிலோமீற்றரில் அசையாமல் நிற்கும் காற்றை, உராய்வே இல்லாமல் 30 கிலோமீற்றருக்கு உள்ளே இழுத்தால் அது பெறும் வேகம் என்ன? கோண உந்தம் மாறாது என்று வைத்துப் போட்டால், 8.6 பாகையில் வினாடிக்குச் சுமார் 32 மீற்றர். 20 பாகையில் அதே இழுப்புக்கு 74 மீற்றர். நம் அகலாங்கில் 74ஐப் பெற வேண்டுமென்றால் ஏறக்குறைய 452 கிலோமீற்றர் தொலைவிலிருந்து காற்றைக் கூட்டிவர வேண்டும். ஐங்கோணத்துக்கு அகலாங்கு ஒரு பொருட்டே இல்லை என்று மேலே பார்த்தோம். வலுவுக்கோ அது மிகப் பெரிய பொருட்டு. அப்படியானால் ஒரே அளவு வெப்பத்தைக் கொடுத்தால் திருகோணமலைக்கு நேரே உள்ள கடலில் வளையம் எவ்வளவு பிந்தி உடையும்? உடையும்போது எத்தனை மூலை இருக்கும்? இரண்டு சமன்பாட்டு மாதிரியில் கொரியோலிஸ் எண்ணே இல்லை, ஆகவே அதனிடம் கேட்க முடியாது. சுழிப்பு மாதிரி வலுப்பதில்லை. அச்சுச் சமச்சீர் மாதிரியில் வளையம் உடையாது. இந்தக் கேள்வியை உள்ளே வைக்கக்கூடிய எளிய மாதிரி இது ஒன்றுதான். திருகோணமலையில் இருந்துகொண்டு கேட்கத் தகுந்த கேள்வியும் இதுதான்.

குறைகள் இருக்கின்றன, சிறியவை அல்ல. இந்த மாதிரிக்குக் கடல் தெரியாது. வெப்பத்தை நிறுத்தாமல் கொடுத்தால் வலு ஏறிக்கொண்டே போகும். உச்ச வரம்பு என்று ஒன்று உள்ளே கிடையாது. அதனால்தான் இரண்டு சமன்பாட்டு மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் அதை ஓட்டி, டிசம்பர் மாத வங்காள விரிகுடாவின் கடல் வெப்பநிலைக்கு உச்ச வரம்பு என்ன, வலுக்க எத்தனை மணித்தியாலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆழமற்ற நீர் மாதிரியில் பாய்மத்தை அகற்றும் வீதத்தை அந்தக் கால அளவுக்குப் பொருந்துமாறு வையுங்கள். வெப்பம் எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைக் கொடுப்பதை விட இது எவ்வளவோ மேல்.

கணினிச் செலவையும் பார்க்க வேண்டும். 4 கிலோமீற்றர் தடிப்பான படையில் ஈர்ப்பலை வினாடிக்கு 200 மீற்றர் வேகத்தில் ஓடும். ஒரு கிலோமீற்றர் கட்டம் என்றால் நேரப்படி 3 வினாடிக்கு மேல் போக முடியாது; போனால் எண்கள் வெடித்துவிடும். சுழிப்பு மாதிரிக்கு ஈர்ப்பலை இல்லை என்பதால் 10 வினாடி வரை தாங்கும். 600 கிலோமீற்றர் சதுரத்தில் 48 மணித்தியாலம் ஓட்ட 57,600 படிகள், ஒவ்வொரு படியிலும் 3,60,000 புள்ளிகள். இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்க்கும் வேலை இது, அவ்வளவே. மின்சாரம் போனாலும் வேலை வீணாகாதபடி மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிலையைக் கோப்பில் சேமிக்கும் வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அகற்றுவதை நிறுத்திவைத்து, தயாரான மெல்லிய வளையம் ஒன்றைக் கொடுத்து ஓட்டுங்கள். சுழிப்பு மாதிரியில் தெரிந்த அதே உடைவு, அமுக்கம் விழுந்து காற்றும் தளரும் அதே நடத்தை இங்கேயும் வர வேண்டும். வராவிட்டால் நிரலில் பிழை இருக்கிறது; மேலே போகக்கூடாது. வந்த பிறகு வளையத்தை எடுத்துவிட்டு, வினாடிக்கு 15 மீற்றர் காற்றுள்ள வலுக்குறைந்த சுழலை வையுங்கள், அகற்றலைத் திறந்துவிடுங்கள், 20 பாகையில் ஒருமுறை, 8.6 பாகையில் ஒருமுறை. உச்சக் காற்றையும் மைய அமுக்கத்தையும் தனித்தனி வரைபாக்கி, வளையம் உடையும் மணித்தியாலத்தை இரண்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.